விரிப்பின் அடியில் வளரும் பூஞ்சணம்

1990இல் இடம்பெயர்ந்த வலிகாமத்துக் குடும்பங்கள் பல, வளலாய் (2015), மயிலிட்டி (2017) எனக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட பின்னரே ஊர் திரும்பின. கூரையின்றி மாரிக்கு மாரி நனைந்து நின்ற வீடுகளைத் திருத்திக் குடியேறியோர், வெடித்த சீமெந்து நிலத்தை மறைக்கப் பூப்போட்ட வினைல் விரிப்பை வாங்கி விரிக்கின்றனர். துடைப்பதற்கும் சுகம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தைப்பொங்கலுக்கு வீடு கழுவ அதனைத் தூக்கினால், அடியில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

மேலே சிந்திய தண்ணீரே காரணம் என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் ஈரம் கீழிருந்தே வருகிறது. எமது குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை அதனுள் இறங்க, கிணறுகளில் நீர்மட்டம் உயர்கிறது. திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணும் சீமெந்தும் அந்த ஈரத்தை மேலே இழுக்கின்றன. வெறும் நிலமாயின் அது காற்றில் உலர்ந்துவிடும். வினைலோ அதனை வெளியே விடாது. முகாமில் மண்நிலத்தில் தறப்பாள் விரித்துப் படுத்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். அடைபட்ட ஈரமும் இடுக்கால் புகுந்த தூசியும் பூஞ்சணத்துக்குப் போதும். எமது பாட்டிமார் சாணியால் மெழுகிய நிலம் மூச்சு விட்டது!

பாயில் படுக்கும் பிள்ளையின் மூக்கு இந்நிலத்தை ஒட்டியே இருக்கிறது. பூஞ்சணத்தின் நுண்வித்துகள் தொய்வுள்ளவர்களுக்கு இழுப்பைக் கூட்டும். அதே அறையில் அடுக்கும் விதைநெல்லுக்கும் ஓதம் ஆகாது.

எனவே விரிப்பு வாங்க முன்னர், ஒரு முழச் சதுரமான பொலித்தீன் துண்டை நிலத்தில் வைத்து, நாலு ஓரமும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மாரியிலேயே செய்ய வேண்டும். கோடையில் எல்லா நிலமும் நல்ல நிலமாகத்தான் தெரியும். அடியில் நீர்த்துளி அரும்பினால் அல்லது சீமெந்து கறுத்தால் அந்த அறைக்கு விரிப்பு வேண்டாம்.

ஏற்கனவே பிடித்திருந்தால், மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, சவுக்கார நீரால் தேய்த்துக் கழுவி, கதவு யன்னல்களைத் திறந்து நன்றாக உலர விடுங்கள். குளோரினோடு வினாகிரியைக் கலக்க வேண்டாம், நச்சுவாயு கிளம்பும். அடிப்பக்கம் பஞ்சுபோன்ற விரிப்பில் பூஞ்சணம் ஊறிவிட்டால் கழுவிப் பயனில்லை.

நிலம் இன்னும் போடாதவர்களுக்கு வேலை இலகு. கொங்கிறீற் போட முன்னர் தடித்த பொலித்தீனை, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்க மேசனிடம் சொல்லுங்கள். "தேவையில்லை" என்பார், விடாதீர்கள். நிலம் போட்ட பின்னர் அதனைச் செய்ய உடைப்பதைத் தவிர வழியில்லை. போட்ட நிலமும் ஓரிரு மாதம் உலரட்டும். அதுவரை பனையோலைப் பாய் போதும். காலையில் தூக்கி வெயிலில் போடலாம்.