விமானம் நிறைந்தும் ஏன் நட்டம்?

‘சூரரைப் போற்று’ படத்துக்குப் பின்னால் இருப்பது கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கை. செருப்புப் போட்டு வரும் மனிதரையும் விமானத்தில் ஏற்றுவேன் என்று கிளம்பி, ஒரு ரூபாய்க்கும் டிக்கெட் விற்றுக் காட்டியவர் அவர். படம் வெற்றியோடு முடிகிறது. ஆனால் 2003-இல் அவர் தொடங்கிய ஏர் டெக்கானின் கதை அதற்குப் பிறகும் நீள்கிறது. கூட்டம் பெருகப் பெருக நட்டமும் பெருகி, 2007-இல் நிறுவனம் கிங்ஃபிஷர் பக்கம் போனது. அந்தக் கிங்ஃபிஷர் ஓர் ஆண்டுகூட லாபம் பார்க்காமல் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. மதுரை ஜவுளிக் குழுமம் ஒன்று 2005-இல் தொடங்கிய பாரமவுண்ட் 2010-இல் நின்றது. 1993 முதல் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில்.

இவர்களில் சிலர் அகலக்கால் வைத்தார்கள், சிலர் ஆடம்பரத்தில் பணத்தைக் கொட்டினார்கள். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நூறு இருக்கையில் எண்பதுக்கு மேல் நிறைந்துதான் இந்திய விமானங்கள் பறக்கின்றன. பிறகு ஏன் கைக்காசு போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 இருக்கை கொண்ட விமானம், ஒரு தடவை போய்ச்சேர எல்லாச் செலவும் சேர்த்து 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 160 பேர் ஏறினால் ஆளுக்கு 5,000 ரூபாய் வந்தால்தான் முதல் தேறும். இன்னும் இருபது இருக்கை காலி. அதில் ஒருவரைக் கூடுதலாக ஏற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. விமானி சம்பளம், வாடகை, தரையிறங்கும் கட்டணம் எதுவும் அவரால் கூடப்போவதில்லை. 1,500 ரூபாய்க்கு விற்றாலும் அந்த நேரத்துக்கு லாபம்தான். விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கைக்கு மதிப்பே கிடையாது. கோயம்பேட்டில் பொழுது சாய்ந்தபின் மிஞ்சும் கீரைக்கட்டு மாதிரி. எனவே விற்கிறார்கள். இதையே பக்கத்து நிறுவனமும் செய்கிறது. எல்லார் விலையும் ஒரே கைபேசித் திரையில் வரிசையாகத் தெரிகிறது. நூறு ரூபாய் குறைந்தால் பயணி அந்தப் பக்கம் போய்விடுகிறார். இப்படி இழுத்து இழுத்துச் சராசரி 4,700-க்கு இறங்கினால் போதும், 160 பேர் ஏறிய அந்த விமானம் 48,000 ரூபாய் நட்டத்தோடு தரையிறங்கும். ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு தடவை பறக்கிறது.

கடைசி இருக்கைக்கு ஏற்ற விலை எல்லா இருக்கைக்குமான விலையாகப் பரவிவிடுவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை நோய் என்று நான் நினைக்கிறேன். முன்கூட்டிப் பதிவு செய்பவருக்கு ஒரு விலை, நாளைக்கே போயாக வேண்டியவருக்கு மூன்று மடங்கு விலை என்று கட்டணத்தை அடுக்கடுக்காக வைப்பது இந்த நோய்க்கு அவர்கள் கண்ட மருந்து. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மதுரை, தூத்துக்குடி டிக்கெட் விலை வானத்தைத் தொடும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் விட்டதை அந்த நாலு நாளில்தான் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. இவ்வளவு செய்தும் உலக அளவில் விமான நிறுவனங்களுக்கு ஒரு பயணியால் மிஞ்சுவது ஏறத்தாழ ஏழு டாலர்தான் என்கிறது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா. அதுவும் நல்ல ஆண்டுகளில்.

விலை பயணி கையில் இருக்கிறது. செலவாவது நிறுவனத்தின் கையில் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இந்தியாவில் செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை எரிபொருளே விழுங்குகிறது. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. ஒன்றிய அரசின் கலால் வரி ஒரு பக்கம், மாநிலத்தின் வாட் வரி ஒரு பக்கம். வாங்கும்போது கட்டிய அந்த வரியை டிக்கெட்டில் வசூலிக்கும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. 2022 வாக்கில் ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டபின் பல மாநிலங்கள் வாட் வரியை நான்கு சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ கொண்டுவந்தன. மகாராஷ்டிரம் 2023 பட்ஜெட்டில் மும்பை, புனே பகுதிக்கு 25-லிருந்து 18 ஆக்கியது. அப்போது தமிழ்நாட்டில் அது 29 சதவீதம்; நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மாநிலத்துக்கு வருவாய் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் எரிபொருள் நிரப்பத் தயங்கும் நிறுவனம், சென்னையிலிருந்து புதிய தடம் தொடங்கவும் யோசிக்கும். விமான எரிபொருளை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவதைத் தள்ளிப்போட இனியும் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது டாலர். விமான வாடகை, என்ஜின் பராமரிப்பு, உதிரிபாகம் எல்லாம் டாலரில். டிக்கெட் ரூபாயில். 2011 நடுவில் ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். 2022-இல் 80-ஐத் தாண்டிவிட்டது. அதே விமானம், அதே வாடகை, ஆனால் ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதற்கு மேல் என்ஜின் கோளாறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கோ ஃபர்ஸ்ட்டில் பார்த்தோம். பிராட் அண்ட் விட்னி என்ஜின்கள் பழுதாகி, மாற்று என்ஜின் வராமல், ஏறத்தாழ பாதி விமானங்கள் தரையில் நின்றன. பறக்காத விமானத்துக்கும் வாடகை உண்டு.

கட்டணத்தில் வராத பணத்தை உதிரிக் கட்டணங்களில் பிடிக்கும் வழக்கம் இந்த நெருக்கடியில் பிறந்ததுதான். 2008-இல் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் கேட்டது. மற்றப் பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அமெரிக்காவில் டிக்கெட் விலைக்கு 7.5 சதவீத வரி உண்டு, பெட்டிக் கட்டணத்துக்குக் கிடையாது என்பதால் கட்டணத்தைப் பிரிப்பதில் தனி ஆதாயமும் இருந்தது. ஐரோப்பாவின் ரயன்ஏர் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. அமெரிக்காவின் டெல்டா இன்னொரு வழி பிடித்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கிரெடிட் கார்டுக்காரர்களுக்குத் தரும் மைல் புள்ளிகளை அந்த நிறுவனத்துக்கு விற்று 2024-இல் 700 கோடி டாலருக்கு மேல் பெற்றது. அந்த ஆண்டில் அதன் மொத்த இயக்க லாபமே அதைவிடக் குறைவு.

உதிரிக் கட்டணம் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கைப்பைக்குக்கூடக் காசு வாங்கிய அமெரிக்காவின் ஸ்பிரிட் நிறுவனம், பயணியிடம் பெற்றதில் பாதியளவை டிக்கெட்டுக்கு வெளியேதான் பெற்றது. அதுவே 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்டிலும் திவால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

இந்தியாவில் 2013-இல்தான் விருப்ப இருக்கை, உணவு போன்றவற்றுக்குத் தனியாக வாங்க அனுமதி வந்தது. 15 கிலோ பெட்டி இன்னும் பெரும்பாலான டிக்கெட்டுகளிலேயே அடங்கியிருக்கிறது. இண்டிகோவின் வருவாயில் உதிரி வரவு, சரக்கையும் சேர்த்தே, பத்தில் ஒரு பங்கு அளவுதான். நாம் கட்டும் தொகையில் விமான நிலையப் பயனாளர் கட்டணம் நிலையத்துக்குப் போகிறது, ஜிஎஸ்டி அரசுக்குப் போகிறது. எது யாருக்கு என்று முதல் திரையிலேயே தெளிவாகக் காட்டினால் பயணியின் எரிச்சல் பாதி குறையும். கடைசிப் பக்கத்தில் இருக்கைக் கட்டணத்தையும் வசதிக் கட்டணத்தையும் ஒவ்வொன்றாக ஏற்றுவது நேர்மையான வியாபாரம் ஆகாது, லாபம் எவ்வளவு மெலிந்திருந்தாலும் சரி.

இண்டிகோ மட்டும் எப்படித் தழைத்தது? தொடங்கும் முன்பே, 2005-இல், நூறு ஏர்பஸ் விமானங்களை மொத்தமாகக் கேட்டுத் தள்ளுபடி வாங்கியது. வந்த விமானங்களை வாடகை நிறுவனங்களுக்கு விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்து ஓட்டியது. கையில் ரொக்கம் நின்றது. பெரும்பாலும் ஒரே வகை விமானம், எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புது என்ஜின், அரை மணி நேரத்தில் மறுபடி மேலேறும் வேகம். பிறகு போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். 2023–24 நிதியாண்டில் அதற்கு 8,172 கோடி ரூபாய் லாபம். உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேர் அதில்தான் போகிறார்கள். கட்டணம் செலவுக்குக் கட்டுப்படியாகும் நிலை, போட்டி மெலிந்த பிறகே வந்திருக்கிறது. பயணிக்கு இது கவலை தரும் சேதி.

மலிவுக் காலத்தின் நட்டத்தை யாரோ சுமந்திருக்கிறார்கள். கிங்ஃபிஷரிலும் ஜெட்டிலும் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் வேலை பார்த்த தரைப் பணியாளர்களும் பொறியாளர்களும் சுமந்தார்கள். வாராக்கடனாகப் பொதுத்துறை வங்கிகள் சுமந்தன. கோ ஃபர்ஸ்ட் நின்றபோது, பறக்காத பயணத்துக்கு முன்பணம் கட்டிய லட்சக்கணக்கான பயணிகளின் பணம், ஏறத்தாழ 600 கோடி ரூபாய், திவால் நடைமுறைக்குள் சிக்கியது. கடன் கொடுத்தவர்கள் வரிசையில் பயணிக்குக் கிடைப்பது கடைசி இடங்களில் ஒன்று.

பிரிட்டனில் விமானம் அடங்கிய சுற்றுலாத் தொகுப்பு வாங்குபவருக்கு ‘அட்டோல்’ என்ற பாதுகாப்பு உண்டு. விற்றவர் நொடித்துப்போனால் பணம் திரும்பக் கிடைக்கும். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவரை ஊர் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதற்கான நிதிக்கு ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் ஒரு சிறு தொகையை விற்பவர்களே கட்டுகிறார்கள். சிறு நகரங்களுக்கான உடான் திட்டத்துக்கு நாம் ஏற்கெனவே ஒரு தீர்வை கட்டிவருகிறோம். அதைப்போல டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் எடுத்து வைத்தாலே, அடுத்த நிறுவனம் நிற்கும் நாளில் பயணியின் பணத்தையும் ஊழியரின் கடைசிச் சம்பளத்தையும் கொடுக்க ஒரு நிதி தயாராக இருக்கும். நாடாளுமன்றத்தில் இதைக் கேட்க நம் உறுப்பினர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.