மண் எழுதி வைத்த வரலாறு

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் சால்ட் லேக் சிட்டி என்னும் நகர் அமைந்துள்ளது. மலையடி நெடுக ஓடுகிறது ஒரு பெரும் நிலப்பிளவு. 1847-ஆம் ஆண்டு அங்கே மக்கள் குடியேறிய நாள் முதல் இன்றுவரை அது பெருநடுக்கம் எதையும் விளைவித்ததில்லை. ஆகவே அஞ்ச வேண்டுவதில்லை என்று எண்ணலாமா, அன்பர்களே?

புவியியல் அறிஞர் குரோவ் கார்ல் கில்பர்ட் அவ்வாறு எண்ணவில்லை. அடிவாரத்தில் படிபோல் எழுந்து நிற்கும் மண்மேடுகள், நடுக்கந்தோறும் மலை உயர்ந்து பள்ளத்தாக்கு தாழ்ந்ததன் தழும்புகளே என்று கண்டார். 1883-இல் செய்தித்தாள் வாயிலாக நகர மக்களை எச்சரித்தார்.

பின்வந்த அறிஞர்கள் பிளவின் குறுக்கே அகழிகள் வெட்டினர். அறுபட்டு இடம்பெயர்ந்த மண்ணடுக்குகளிற் புதைந்திருந்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்து, பண்டைய நடுக்கங்களின் காலத்தை அறிந்தனர். பிளவின் நடுப்பகுதியில் மட்டும் கடந்த 6,000 ஆண்டுகளில் குறைந்தது 22 பெருநடுக்கங்கள். சராசரியாக 300 ஆண்டுகளுக்கு ஒன்று!

எனவே இன்றைய அமைதி ஓர் இடைவேளையே. 2014 முதல் 50 ஆண்டுகளுக்குள் 6.75 அளவோ அதனினும் பெரிதோ ஆன நடுக்கம் அவ்வட்டாரத்தில் நேர 43 விழுக்காடு வாய்ப்புண்டு என்று 2016-இல் அறிஞர் குழுவொன்று கணித்தது. 2020 மார்ச் 18 அன்று நேர்ந்த 5.7 அளவுள்ள நடுக்கத்திலேயே பழைய செங்கற்கட்டடங்கள் பல சேதமுற்றன.

நிலநடுக்கத்தைத் தடுத்து நிறுத்த மனிதரால் இயலாது. சரியும் சுவரை முன்கூட்டியே வலுப்படுத்த இயலும். மனிதர் நினைவில் இல்லாததை மண் நினைவில் வைத்திருக்கிறது. அதற்குச் செவிசாய்ப்பதே அறிவுடைமை.