அயலவரின் முறைப்பாடு நீதிமன்றக் கட்டளையாகிவிடாது

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாடகை வீடுகளிலும் தொடர்மாடிகளிலும் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் மாளிகாவத்தையிலும் ஒரே சுவரின் இருபுறத்திலும் வெவ்வேறு குடும்பங்கள் நெருங்கி வாழ வேண்டியுள்ளது. குழந்தையின் அழுகையும் அதிகாலைப் பூசை மணியும் நோன்புகால ஸஹர் வேளையின் பாத்திர ஓசையும் அடுத்த வீட்டாரின் செவிக்கு எட்டாமல் இருப்பதில்லை. இதனால் எழும் சிறு மனக்கசப்பு சில வேளைகளில் வீட்டு உரிமையாளரிடம் முறைப்பாடாகச் செல்கின்றது. "மாத முடிவுக்குள் வீட்டை விட்டுவிடுங்கள்" என்ற வார்த்தையுடன் அது முடிவடைகின்றது.

இத்தகைய வார்த்தையைக் கேட்டதும் பெரும்பாலானோர் மறுபேச்சின்றி வெளியேற ஆயத்தமாகின்றனர். கொடுத்த முற்பணம் முழுமையாகத் திரும்புமா, பிள்ளைகளின் பாடசாலை என்னவாகும், வேறு வீடு கிடைக்குமா என்ற ஏக்கம் அவர்களை வாட்டுகின்றது. ஆயினும் சட்டம் தமக்கு எந்த அளவிற்குத் துணைநிற்கின்றது என்பதை அறிந்தவர்கள் சிலரே. எனவே அதனை இங்கு விளக்குவது அவசியமென நாம் கருதுகின்றோம்.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்திற்கு உட்பட்ட வீடுகளைப் பொறுத்தவரை, உரிமையாளர் தாம் நினைத்த காரணத்திற்காக வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற முடியாது. அச்சட்டத்தின் 22 ஆம் பிரிவு அதற்கான காரணங்களை வரையறுத்துள்ளது. அயலில் குடியிருப்போருக்குத் தொல்லை விளைவிக்கும் நடத்தையும் அக்காரணங்களுள் ஒன்றாகும். ஆனால் அந்த நடத்தை தொல்லையா இல்லையா என்பதை நிர்ணயிப்பது உரிமையாளரோ அயலவரோ அல்லர். அது நீதிமன்றத்தின் அபிப்பிராயத்திற்கு விடப்பட்ட விடயமாகும். ஓரிரு நாள் ஏற்பட்ட சத்தத்திற்கும், தொடர்ச்சியாகவும் அளவுக்கு மீறியும் அயலவரின் உறக்கத்தைக் கெடுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான வேறுபாட்டை அங்கு எடுத்துரைப்பதற்கு வாடகைக்கு இருப்பவருக்குச் சந்தர்ப்பம் உண்டு.

எனினும் சகல வீடுகளும் இச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவதில்லை. பின்வந்த திருத்தங்களினால் பல வீடுகள் அதன் வரம்பிலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இருப்போருக்கு உடன்படிக்கையே பிரதான ஆதாரமாகும். மாதாந்த வாடகையாயின் உரிமையாளர் முழுமையான ஒரு கலண்டர் மாத அறிவித்தல் வழங்கினால் போதுமானது. சத்தம் என்ற காரணத்தை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அத்துடன், எழுத்து மூலமான குத்தகை முடிவடைந்த பின்னரும் வெளியேறாதோரிடமிருந்து வீட்டை மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாக விரைவாக மீளப்பெறுவதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. ஆகவே கையொப்பமிடுவதற்கு முன்னர் உடன்படிக்கையின் ஒவ்வொரு வாசகத்தையும், குறிப்பாக அயலவருக்குத் தொல்லை கொடுத்தல் பற்றிய நிபந்தனையையும், ஊன்றி வாசித்தல் வேண்டும்.

ஆனால் எந்த வகை வீடாயினும் ஒரு விடயத்தில் மாற்றமில்லை. பூட்டை மாற்றுவதற்கோ, மின்சாரத்தையும் நீரையும் துண்டிப்பதற்கோ, பொருட்களை வீதியில் எறிவதற்கோ உரிமையாளருக்கு அதிகாரம் கிடையாது. வெளியேற மறுப்பவரை வெளியேற்ற நீதிமன்றக் கட்டளை அவசியமாகும். சத்தம் குறித்த முறைப்பாட்டை விசாரிக்கும் பொலிஸாரும் அத்தகைய கட்டளையின்றி எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம், 68 ஆம் பிரிவுகளின் கீழ் மீண்டும் குடியமர்த்தப்படுவதற்கு வழியுண்டு. ஆயினும் வெளியேற்றப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட வேண்டும். தாமதிப்போர் இந்த நிவாரணத்தை இழந்துவிடுவர்.

பொலிஸ் என்றதும் எமது மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டமை இன்னும் மறக்கப்படவில்லை. ஆனால் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை மூலம் அதனைத் தடுத்து நிறுத்தியமையும் நினைவில் இருத்தல் வேண்டும். குடியிருக்கும் இடத்தைவிட்டு ஒருவரை அகற்றுவது நிர்வாகத்தின் விருப்பத்திற்கு விடப்பட்டதல்ல என்பதே அதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

அதேவேளை, உரிமை பற்றிப் பேசும் நாம் கடமையை மறந்துவிடலாகாது. அமைதியாக உறங்குவதற்கு அயலவருக்கும் உரிமை உண்டு. வெலிகமைப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில் 2007 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது எனப் பணித்தது. எந்தச் சமயத்தவராயினும் பிறர் விரும்பாத ஓசையை அவர்களது செவியில் திணிக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும். பொதுத் தொல்லையை அகற்றுமாறு கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கும் உண்டு. இரவு முழுவதும் ஒலிபெருக்கியை அலறவிடும் ஒருவர் வாடகைச் சட்டத்தைத் துணைக்கு அழைப்பதில் பயனில்லை.

முறைப்பாடு ஒன்றை எதிர்நோக்குவோர் முதலில் செய்ய வேண்டியது, அதனை எழுத்தில் தருமாறு உரிமையாளரைக் கோருவதாகும். எந்த நாள், எந்த நேரம், எத்தகைய சத்தம் என்பது தெளிவானால் ஆதாரமற்ற குற்றச்சாட்டு வலுவிழந்துவிடும். பதிலையும் எழுத்திலேயே வழங்கி அதன் பிரதியை வைத்திருத்தல் நன்று. உரிமையாளருடன் முரண்பாடு ஏற்பட்டாலும் வாடகைப் பணத்தை நிறுத்தலாகாது. நிலுவை ஏற்படின் அதுவே தனியானதொரு காரணமாகிவிடும். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதும் முக்கியமாகும். அயலவருடனான பிணக்கை 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையின் முன் கொண்டுசென்று சமரசம் காண முடியும். நீதிமன்ற அழைப்பாணை கிடைத்தால் அதனை உதாசீனம் செய்யாது உடனடியாகச் சட்டத்தரணி ஒருவரை நாட வேண்டும். கட்டணம் செலுத்த வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உள்ளது.

வாடகைக்கு இருப்பவர் தயவில் வாழ்பவர் அல்லர். பணம் செலுத்தி ஓர் ஒப்பந்தத்தின் கீழ் வாழ்பவர். உரிமையாளர்கள் முறைப்பாடு வந்தவுடன் கதவைக் காட்டாது இரு தரப்பினரையும் விசாரிப்பார்களாயின் பல பிணக்குகள் வாசற்படியிலேயே தீர்ந்துவிடும். அதற்கு மனமில்லாதோருக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கின்றது. அக்கதவினூடாக அன்றி ஒரு குடும்பத்தை வீதிக்கு அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை என்பதை நாம் வலியுறுத்திக்கூற விரும்புகின்றோம்.