குர்ஜப்னீத்தைக் கொடுத்தால் யார் வருவார்?

2026 பிப்ரவரி கடைசி வாரத்தோடு ஐபிஎல் அணிகளின் டிரேட் கதவு சாத்தப்படுகிறது. போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே ஆள் மாற்றுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. நாள் நெருங்க நெருங்க நமக்கு வரும் கடிதங்களும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் கூடிக்கொண்டே போகின்றன. மலேசியாவில், நம் பேராக்கின் சிலிம் ரிவர், துரோலாக், பேராங் பக்கத்திலிருந்துதான் அதிகம். இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை நடுநிசி தாண்டியும் பார்த்துவிட்டு, விடியும் முன்பே எழுந்து வேலைக்குப் போகிற சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) ரசிகர்கள் இவர்கள். ஐபிஎல் என்றால் என்ன, பர்ஸ் என்றால் என்ன என்று இவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது.

"அண்ணே, அந்தப் பையன சும்மா பெஞ்சில உக்கார வச்சிருக்கிறதுக்கு, கொடுத்துட்டு ஒரு நல்ல வெளிநாட்டு ஃபாஸ்ட் பௌலர எடுத்தா என்ன?" என்கிறார் சிலிம் ரிவர் வாசகர் ஒருவர். அதே ஊரிலிருந்து இன்னொருவர், "தமிழ்நாட்டுக்கு ஆடுற ஆளு சார், கொடுக்கவே கூடாது" என்கிறார். இருவரும் சொல்வது குர்ஜப்னீத் சிங்கை. விவாதம் ரசிகர்களுடையது, அணியினுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'பையன்' என்று எல்லாரும் எழுதினாலும் குர்ஜப்னீத்துக்கு 27 வயது. வடக்கிலிருந்து சென்னைக்கு வந்து வளர்ந்த, நெட்டையான இடக்கை வேகப்பந்து வீச்சாளர். 2024 அக்டோபரில் கோவையில் சௌராஷ்டிராவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். இரண்டாவது இன்னிங்ஸில் 22 ரன் கொடுத்து 6 விக்கெட். ரன் எடுக்காமலே திரும்பியவர்களில் புஜாராவும் உண்டு. அடுத்த மாதம் ஜெத்தா ஏலத்தில் 30 லட்சத்தில் தொடங்கிய அவர் விலை 2.20 கோடியில் நின்றது. பிறகு காயம். 2025 பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர்தான் டெவால்ட் பிரெவிஸ்.

பிரெவிஸின் சம்பளமும் 2.20 கோடி. இது தற்செயல் இல்லை. காயமடைந்தவருக்குப் பதிலாக வருபவர் அவரைவிட அதிகம் வாங்கக்கூடாது என்பது விதி. அனுமதித்த உச்சத்தை அப்படியே கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் அஷ்வின் தன் யூடியூப் சேனலில் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசி, கூடுதலாகக் கொடுக்க சிஎஸ்கே முன்வந்தது என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட, அணி அவசரமாக அறிக்கை விட்டது: எல்லாம் விதிப்படியே. இருக்கலாம். ஆனால் ஒரு பந்துகூட வீசாத குர்ஜப்னீத்தின் சம்பளம்தான் பிரெவிஸ் எவ்வளவு வாங்கலாம் என்பதைத் தீர்மானித்தது என்பதும் அந்த விதிக்குள்தான் இருக்கிறது.

இனி முதல் வாசகரின் யோசனைக்கு வருவோம். நடக்காது.

2025 டிசம்பர் 16 அபுதாபி ஏலம் முடிந்தபோது சிஎஸ்கேவில் 25 பேர். அதுவே உச்சம். வெளிநாட்டவர் 8 பேர்: பிரெவிஸ், நூர் அகமது, எல்லிஸ், ஓவர்டன், ஹொசைன், ஹென்றி, ஷார்ட், ஃபோல்க்ஸ். அதுவும் உச்சம். ஆக, ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும்; வருபவர் வெளிநாட்டவர் என்றால் போகிறவரும் வெளிநாட்டவராக இருக்க வேண்டும். குர்ஜப்னீத்துக்குப் பதிலாக இந்திய வீரர் ஒருவரைத்தான் வாங்க முடியும். அவருடைய சம்பளம் எவ்வளவு வரை இருக்கலாம்? ஏலத்துக்குப் பின் பர்ஸில் மிச்சம் 2.40 கோடி. குர்ஜப்னீத் போனால் 2.20 கோடி விடுபடும். மொத்தம் 4.60 கோடி. அந்தத் தொகைக்குள் சம்பளம் வாங்கும், குர்ஜப்னீத்தைவிட நன்றாக வீசும் இந்திய வேகப்பந்து வீச்சாளரை எந்த அணி தூக்கிக் கொடுக்கும்? பெயர் தெரிந்தால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

இதற்குமேல் இன்னொரு தடை. ஏலத்தில் இப்போது வாங்கியவர்களை இந்தப் பருவத்தில் டிரேட் செய்ய முடியாது. 14.20 கோடி வீதம் வாங்கிய பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் தொட முடியாது. கடைவிரிக்கக்கூடியது ஏற்கெனவே இருந்தவர்களை மட்டும்தான். அவர்களில் மலிவானவர்கள் யார் என்று பார்த்தால் மாத்ரே, உர்வில் படேல், முகேஷ் சௌத்ரி, குர்ஜப்னீத் போன்றவர்கள். ரசிகர்களின் பேச்சு இவர்களையே சுற்றிவருவதற்குக் காரணம் இவர்களின் ஆட்டம் மோசம் என்பதில்லை. சட்டென்று கைமாற்ற முடிகிற விலை இவர்களுடையது. காலில் அகமதுவும் முகேஷும் இடக்கை வேகமே என்பதால் மூன்றில் ஒருவர் உபரி என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் வேகப்பந்து வீச்சாளர்கள் காயமடையாத பருவம் ஒன்று உண்டா?

இப்போது, நிறையப் பேர் கேட்காமல் விட்ட விஷயம். எனக்கு இந்த டிரேட் ஏற்பாட்டில் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

2025 நவம்பர் 15 அன்று ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். 'இரு அணிகளுக்கும் லாபம்' என்று எல்லாத் தொலைக்காட்சிகளிலும் சொன்னார்கள். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை அனுப்பியது ஜடேஜாவின் 18 கோடியும் கரனின் 2.40 கோடியும், ஆக 20.40 கோடி. வாங்கியது சாம்சனின் 18 கோடி. சென்னைக்கு மிச்சம் 2.40 கோடி. ராஜஸ்தான் அனுப்பியது 18 கோடி. வாங்கியதும் 20.40 ஆக இருந்தால் அவர்களுக்கு 2.40 கோடி நட்டம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக 'திருத்தப்பட்டது' என்றது அதிகாரபூர்வ அறிக்கை. அதனால் ராஜஸ்தானின் செலவு 16.40 கோடி, அவர்களுக்கும் மிச்சம் 1.60 கோடி. இரண்டு மிச்சத்தையும் கூட்டுங்கள்: 4 கோடி. ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்தது எவ்வளவு? அதே 4 கோடி. இரு அணிகளின் லாபமும் ஒரே மனிதரின் சம்பளத்திலிருந்து வந்தது. 'திருத்தம்' என்பது அறிக்கை எழுதுகிறவர்களின் நாகரிகம். நம் தோட்டங்களில் அதற்குச் சம்பளப் பிடித்தம் என்று பெயர்.

அதே நாளில் டெல்லியிலிருந்து ராஜஸ்தானுக்குப் போன டோனவன் ஃபெரைராவின் ஊதியம் 75 லட்சத்திலிருந்து ஒரு கோடியானது. ஆக, டிரேடில் சம்பளம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஏறுமா இறங்குமா என்பது மூடிய அறையில் தீர்மானமாகிறது.

அந்த அறையில் இன்னொரு தொகையும் பேசப்படலாம். ஆளுக்கு ஆள் மாற்றாமல் பணம் கொடுத்தே ஒரு வீரரை வாங்கினால், அவருடைய சம்பளம் வாங்கும் அணியின் பர்ஸில் கழியும். அதுபோக, விற்கும் அணிக்குத் தனியாக ஒரு பரிமாற்றக் கட்டணம் கொடுக்கலாம். அது பர்ஸில் கழியாது. வெளியில் சொல்லவும் தேவையில்லை. 2023 நவம்பரில் குஜராத்திலிருந்து ஹர்திக் பாண்டியாவை மும்பை இப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தது. அவருடைய 15 கோடிக்கு பர்ஸில் இடம் வேண்டும் என்பதற்காக கேமரூன் கிரீனை 17.50 கோடிக்கு பெங்களூருக்கு அனுப்பியது எல்லாருக்கும் தெரியும். குஜராத்துக்குக் கொடுத்த கட்டணம் எவ்வளவு என்பது இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. அந்தக் கட்டணத்தில் பாதி வரை வீரருக்குப் போகலாம் என்பதும் விதியில் உண்டு.

எல்லா அணிகளுக்கும் ஒரே பர்ஸ், 2026-க்கு 125 கோடி, அதனால் பணக்கார அணி என்று ஒன்று கிடையாது என்பதுதான் ஐபிஎல் நிர்வாகம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சமத்துவம். ஏல மேடையில் அது உண்மை. டிரேட் அறையில் அதற்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. அந்த வாசலின் வரவு செலவு வெளியே தெரிவதில்லை.

"வீரரின் சம்மதம் கேட்பார்களா?" என்று தஞ்சோங் மாலிம் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்பார்கள். எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் டிரேட் நடக்காது. ஆனால் வீரர் போக விரும்பி அணி விட மறுத்தால், அணியின் சொல்லே முடிவு. ஒப்புதல் என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதைப் பொறுத்தது. சாம்சன் விலக விரும்புவதாகப் பல மாதம் செய்தி வந்தது. கடைசியில் அதே 18 கோடியோடு மாறினார். 2010-இல் இளைஞராக இருந்த ஜடேஜா ராஜஸ்தானில் இருந்துகொண்டே மும்பையோடு பேசினார் என்பதற்காக அந்தப் பருவம் முழுக்க ஆடத் தடை பெற்றார். பதினைந்து ஆண்டு கழித்து அணிகள் பேசி அவரை அதே ராஜஸ்தானுக்கு அனுப்பின. வீரர் பேசினால் குற்றம், அணி பேசினால் வணிகம்.

பெஞ்சில் இருப்பவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. விடுவித்தால் அவர் ஏலத்துக்குப் போவார். அங்கே விலை புதிதாகப் பிறக்கும். 30 லட்சத்தில் தொடங்கிய பிரசாந்த் வீர் 14.20 கோடிக்குப் போனதை எல்லாரும் பார்த்தோம். டிரேடில் பெரும்பாலும் பழைய விலையே கூடவே போகும். மும்பையிலிருந்து லக்னோவுக்குப் போன அர்ஜுன் டெண்டுல்கரும் கொல்கத்தாவிலிருந்து மும்பைக்குத் திரும்பிய மயங்க் மார்க்கண்டேவும் அதே 30 லட்சத்தில்தான் மாறினார்கள். விடுவிப்பதே நல்லது என்றும் சொல்ல முடியாது. சென்னைப் பையன் ஆந்த்ரே சித்தார்த்தை 30 லட்சத்துக்கு எடுத்தார்கள், ஓர் ஆண்டு பெஞ்சில் வைத்தார்கள், நவம்பரில் விட்டுவிட்டார்கள். அவர் வயதில் ஏலம் என்பது ஒரு பந்தயம்.

என்பிஏ கூடைப்பந்து பார்க்கும் இளைஞர்கள் சிலர், "அங்கே போல் இங்கே ஏன் இல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே ஒப்பந்தத்தில் தனிச் சலுகை எழுதிக்கொண்ட ஒருசிலரைத் தவிர எவருடைய சம்மதமும் கேட்கப்படுவதில்லை. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் அணி லூக்கா டான்சிச்சையே லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பிவிட்டது. ரசிகர்கள் அரங்கத்தில் மாதக்கணக்கில் கூச்சலிட்டார்கள்; நவம்பரில் அந்த டிரேடைச் செய்த மேலாளர் நிக்கோ ஹாரிசன் வேலையிழந்தார். ஆனால் ஒன்று: எல்லா வீரர்களின் சம்பளமும் வெளிப்படை. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி, அனுப்பும் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடாகத்தான் திரும்ப வாங்க முடியும். டிரேடில் ரொக்கமாகக் கொடுப்பதற்கும் ஆண்டு வரம்பு உண்டு. அங்கே இளம் பெஞ்ச் வீரர்கள் பெரும்பாலும் எடை சரிசெய்யும் கல்லாகப் போகிறார்கள். கொடுமைதான், ஆனால் ரசிகன் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிற கொடுமை.

நம் பேராக்கின் கால்பந்தை இதோடு ஒப்பிட்டு எழுதியவருக்கு: 2018-இல் மலேசியக் கிண்ணம் வென்ற அணி, சம்பளப் பாக்கிப் புகார்களுக்கு நடுவே 2021-இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது, 2025-இல் லீக்கிலிருந்தே விலகியது. மாதச் சம்பளமே வராத இடத்தில் டிரேட் விதி பேசி என்ன?

மீதிக் கேள்விகள்.

தோனி சொன்னால் டிரேட் நடக்குமா? விதிப்புத்தகத்தில் தோனி பெயர் இல்லை.

குர்ஜப்னீத்தைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அந்தப் பணம் பர்ஸில் சேராது.

இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கலாமா? ஜடேஜா, கரன் கணக்கை மேலே பாருங்கள்.

கதவு சாத்திய பிறகு யாராவது காயமடைந்தால்? வெளியிலிருந்து மாற்று வீரரை எடுக்கலாம். பிரெவிஸ் வந்த வழி அது.

உங்கள் கருத்து என்ன? கொடுக்க வேண்டாம். 4.60 கோடிக்குள் அவரைவிட மேலானவர் கிடைக்கமாட்டார். கிடைத்தால் அவரிடம் ஏதோ கோளாறு இருக்கும்.

டிரேட் நடந்தால் நமக்கு எப்படித் தெரியும்? ஐபிஎல் அறிக்கை வெளியிடும். அதில் வீரரின் பெயர் இருக்கும், அணி இருக்கும், சம்பளம் இருக்கும். பரிமாற்றக் கட்டணம் இருக்காது.