இதிகாசத்தின் அடுப்படி

கணவாய் ஏறும்போதே உடம்பெல்லாம் பரபரவென்றது. மதுரை–தேனி பஸ், உசிலம்பட்டியைத் தாண்டி, மலை விலகி வழிவிடும் இடம். ஜன்னல் காற்று முகத்தில் அறைந்ததும் பக்கத்து சீட்டுக்காரரை உலுக்கி, "அண்ணே, இதானே அந்தக் காத்து?" என்று கேட்டே விட்டேன். 'தர்மதுரை' (2016) படத்துக்காகக் கவிஞர் வைரமுத்து பாட்டில் பிடித்துப் போட்ட ஆண்டிபட்டிக் காற்று! பாட்டில் 'கணவா' என்றுதான் வரும். ஊர்வாயும் அந்த 'ய்'யை விழுங்கித்தான் பேசுகிறது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காத்து எப்பவும் இப்படித்தான் அடிக்கும்" என்றார்.

நான் வந்தது பாட்டுக்காக அல்ல. அதே வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலைச் சமைத்த அடுப்படியை எட்டிப் பார்க்க. எழுத்தாளர் வீட்டு மேசை, பேனா, அடித்துத் திருத்திய தாள் இதெல்லாம் எந்த ஊரிலும் பார்க்கலாம். இந்த நாவலின் அடுப்படி தண்ணீருக்குள் கிடக்கிறது!

ஆண்டிபட்டியிலிருந்து கொஞ்ச தூரம்தான் வைகை அணை. காமராஜர் ஆட்சியில் 1959 ஜனவரியில் திறந்தார்கள். நீர் தேங்கிய பரப்பில் முங்கிப்போன ஊர்களில் ஒன்று மெட்டூர், வைரமுத்து பிறந்த ஊர். அவர் பிறந்தது 1953இல். கணக்குப் போடுங்கள், அணை திறந்தபோது ஐந்து வயசு! குடும்பம் வடுகபட்டிக்குப் பெயர்ந்தது, பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டி. ஐந்து வயசுப் பையனுக்கு எவ்வளவு ஞாபகம் இருந்திருக்கும்? மிச்சத்தை எல்லாம் ஊர்ப் பெரிசுகளின் வாயிலிருந்துதானே பிடுங்கியிருக்க வேண்டும்? நிலத்தை அணைக்குப் பறிகொடுக்கும் நாவலின் நாயகர் பேயத்தேவர், ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்து, புத்தகமாகி, 2003இல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கினார். (கதை ஓடும்போது கவிஞர் அடிக்கடி குறுக்கே வந்து கைதட்டல் கேட்பார். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் கிழவர் மண்வெட்டியைத் தூக்கிவிட்டால் கவிஞர் ஒதுங்கிக்கொள்வார்.)

அணை மேல் நின்றேன். தேக்கும் உயரம் 71 அடி. 66ஐத் தொட்டால் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை. இங்கே நலம் விசாரிப்பதே "டேம்ல எத்தன அடி?" என்றுதான். எனக்கோ புத்தி தலைகீழாக ஓடியது. எத்தனை அடி இறங்கினால் மெட்டூர் தெரியும்? டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "தெரிஞ்சு என்ன பண்ணப் போற தம்பி? தண்ணி கெடந்தாத்தான் வெள்ளாம." வாயை மூடிக்கொண்டேன். மதுரைக்காரன் நான், குடித்து வளர்ந்ததே இந்தத் தண்ணீரைத்தான்.

அடுத்து, இதே மண் சொன்ன இன்னொரு பழங்கதையைத் தேடிப் புலிமான்கோம்பை! இதே ஆண்டிபட்டி வட்டம், இதே வைகைக்கரை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் இங்கே மூன்று கற்களைக் கண்டார்கள், அத்தனையிலும் தமிழ் பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தியவை. ஒரு கல்லில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று வெட்டியிருக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். அந்தச் சண்டையில் மாண்டவனுக்கு நட்ட கல். அந்தக் கூடலூர் நம்ம கம்பம் பக்கத்துக் கூடலூரா என்று ஒருபாட்டம் சண்டை போடலாம். போட ஆசையாகத்தான் இருக்கிறது! பேயத்தேவருக்கு ஒரு முழு நாவலே கேட்ட மண், இவனுக்கு ஒரே வரியில் காரியத்தை முடித்திருக்கிறது. இடத்துக்குப் பஞ்சம், உளி வலி, எதுவோ.

சாயங்காலம் சக்கம்பட்டித் தறிச் சத்தத்தைக் கடந்து பஸ் பிடித்தேன். கணவாயில் அதே காற்று. இந்த முறை யாரையும் உலுக்கவில்லை.

மறுநாள் காலை பேப்பர் வந்ததும் முதலில் பிரித்தது அரசியல் பக்கத்தை அல்ல, அணை நீர்மட்டம் போடும் மூலையை.