பையைக் கொளுத்திப் பார்த்து வாங்குவோம்

நூம்பலில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், ஆடி மாதத் திருவேற்காடு கோயில் கூட்டத்தை எதிர்பார்த்து ஐந்நூறு பைகள் வாங்கி வைத்தார். பிளாஸ்டிக் பை கூடாது என்பது தெரிந்தவர்தான்; அதனால் துணிப்பை என்றே கேட்டு வாங்கினார். கொண்டுவந்து போட்டவரும் துணிப்பை என்றார், ரசீதிலும் அப்படியே எழுதினார். பச்சை நிறம், தொட்டால் மெத்தென்று இருந்தது. கடைப் பெயரும் அச்சிட்டாயிற்று. பத்து நாள் கழித்து ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு பையின் கைப்பிடியைக் கத்தரித்துத் தீக்குச்சியைக் காட்டினார்கள். அது சாம்பலாகவில்லை. சுருண்டு, உருகி, மெழுகுவத்தி வாடையோடு சொட்டியது. பைகள் பறிமுதல், அபராதம் தனி. "துணின்னு சொல்லித்தானே சார் குடுத்தான்" என்ற நம்மவர் பேச்சு எடுபடவில்லை.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அரிசியைக் கையில் அள்ளியதும் பழசா புதுசா என்று சொல்லிவிடுகிறோம். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கண் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் அந்தச் சரக்கைச் சுமக்கும் பை, சாக்கு, கயிறு எந்த நாரால் ஆனது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? துணிக்கடைக்காரர் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். இன்று அது மளிகைக்காரர் கல்லாவைத் தொடும் சமாச்சாரமாகிவிட்டது.

நார்களில் இரண்டு வகை. செடியும் பிராணியும் தருபவை இயற்கை நார்கள். பருத்தி, சணல், தேங்காய் நார் ஆகியவை செடியினம். கம்பளியும் பட்டும் பிராணியினம். பெட்ரோலியப் பொருள்களிலிருந்து ஆலையில் செய்பவை செயற்கை இழைகள். 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டார். 1941-ல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் வந்தது. நம் அப்பாக்கள் பெருமையாக உடுத்திய டெரிலின் சட்டை அதுதான். இத்தாலியின் ஜூலியோ நட்டா 1954-ல் செய்துகாட்டியது பாலிப்ரொப்பிலீன். மூன்றில் மளிகைக் கடைக்குள் அதிகம் புகுந்திருப்பது இந்தக் கடைசி ஆள்தான். ரேயான் என்கிற விஸ்கோஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மரக்கூழைக் கரைத்து இழையாக்குவது அது. ஆகவே தீயில் பருத்தியைப் போலவே நடந்துகொள்ளும்.

நூம்பல் நண்பரை ஏமாற்றிய பை பாலிப்ரொப்பிலீன் பை. இதற்கு நெய்யாத துணி என்று பெயர். உருக்கிய பிளாஸ்டிக்கை மிக நுண்ணிய துளைகள் வழியே இழையாகப் பீய்ச்சி, ஓடும் பட்டையின் மேல் தாறுமாறாகப் பரப்பி, சூடான உருளையால் அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். தறி கிடையாது, பாவு கிடையாது, ஊடை கிடையாது. அடையாளம் எளிது. வெளிச்சத்தில் பிடித்தால் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிக் குழிகள் தெரியும். உருளை அழுத்திய தடம் அது. வெட்டிய ஓரத்தில் நகத்தால் நூலை இழுத்துப் பாருங்கள். நெய்த துணியானால் ஒரு நூல் தனியே உருவிக்கொண்டு வரும். இதில் பஞ்சு போலப் பிய்யுமே தவிர நூல் வராது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தடைப் பட்டியலில், எந்தத் தடிமனாயினும் பிளாஸ்டிக் கைப்பைகளோடு இந்த நெய்யாத பைகளும் இருந்தன. 2021-ல் திருத்தப்பட்ட மத்திய அரசு விதிகளோ சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த நெய்யாத பைகளை மட்டும் விலக்குகின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சரக்கு கொண்டுவருபவர் "இது அறுபது கிராம், சட்டப்படி சரி" என்பார். அவர் வாய்மொழியை நம்பி மூட்டையை இறக்கவேண்டாம். நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது மேல்.

சோதனைக்குத் தீப்பெட்டி ஒன்று போதும். பையிலிருந்து விரல் நீளத் துண்டு கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு கொளுத்தவேண்டும். கற்பூரமும் எண்ணெயும் அடுக்கியிருக்கும் இடத்தில் இது வேண்டாம், வாசலுக்கு வாருங்கள். உருகிய சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

பருத்தி சட்டென்று பற்றும். காகிதம் எரியும் வாடை வரும். சுடரை ஊதி அணைத்தாலும் ஓரம் சிறிது நேரம் கனன்றுகொண்டிருக்கும். கடைசியில் சாம்பல் நிறத் தூள், ஊதினால் பறந்துவிடும். சணலும் இப்படித்தான். கம்பளியும் பட்டும் தயங்கித் தயங்கி எரியும். முடி தீய்ந்த நாற்றம். கரிய மணி, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் தீயைக் கண்டதும் பின்வாங்கிச் சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியபின் கல் போன்ற கரிய மணியாகும். நசுங்காது. பாலிப்ரொப்பிலீன் மெழுகு வாடையோடு உருகிச் சொட்டும்.

மஞ்சள் பையில்தான் கவனம் தேவை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபின் மஞ்சள் பைக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரத்தைச் சரக்கெடுக்கப் போன நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். நல்ல பெயர் வந்த பண்டத்துக்குக் கலப்படம் வராமல் இருக்குமா? நிறம் மஞ்சள் என்பதால் பருத்தி ஆகிவிடாது. கொளுத்தியபின் பாதி சாம்பலாகவும் பாதி நசுங்காத மணியாகவும் நின்றால் பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்த நூல். இருநூறு பைக்கு மேல் வாங்குவதானால் அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பையைக் கொளுத்திவிடுங்கள். ஒரு பை நட்டம் ஒரு நட்டமே அல்ல. ரசீதில் வெறுமனே 'துணிப்பை' என்று எழுத விடாமல், 'பருத்திக் காடாத் துணிப் பை' என்று எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் பிறகு வாதாட வாயிருக்கும்.

பையை விட்டுச் சாக்குக்கு வருவோம். பணம் உண்மையில் ஒழுகுவது அங்கேதான்.

இயற்கை நார் ஈரத்தைக் குடிக்கும். செயற்கை இழை குடிக்காது. நூறு கிராம் உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றில் 8.5 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சணல் 13.75 கிராம் இழுக்கும். பாலியெஸ்டருக்கு இது 0.4 கிராம், பாலிப்ரொப்பிலீனுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வேனிலில் பருத்திச் சட்டை சுகமாக இருப்பதற்கும் டெரிலின் சட்டை முதுகில் ஒட்டுவதற்கும் இதுவே காரணம். இனி இதைத் தராசில் வைத்துப் பாருங்கள். அரசுக் கொள்முதலுக்கு வரும் 50 கிலோ சணல் சாக்கின் எடை 580 கிராம். அதில் சுமார் 70 கிராம் தண்ணீர். நூறு சாக்குக்கு ஏழு கிலோ. ஐப்பசி அடைமழையில் இது இன்னும் ஏறும். சாக்கோடு எடை போட்டு, பழைய வழக்கப்படி ஒரே கழிவைக் கழித்துக்கொண்டிருந்தால், மழை மாதத்தில் தண்ணீருக்கும் பருப்பு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மழை மாதத்தில் இரண்டு காலிச் சாக்கைத் தனியே நிறுத்துப் பார்த்துவிட்டுக் கழிவைப் பேசுங்கள்.

அதற்காகச் சணல் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஈரக்குணமே மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் நல்லது; உள்ளே வேர்வை கட்டாமல் மூச்சு விடும். அடுக்கினால் வழுக்காது. சுமைதூக்குபவர் கொக்கி போட்டு எடுத்த ஓட்டை தானே மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கில் அந்த ஓட்டை வாய்பிளந்து நிற்கும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் நாள்பட்டால் தொட்டவுடன் பொடியாக உதிர்வதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் உப்பைச் சணலில் வைப்பது வம்பு. முந்திரிக்கும் காப்பிக்கொட்டைக்கும் இன்னொரு எச்சரிக்கை உண்டு: சணலை மென்மையாக்க ஆலையில் கனிம எண்ணெய் தடவும் வழக்கம் இருப்பதால் அந்த வாடை சரக்கில் ஏறும். தாவர எண்ணெயில் பதப்படுத்திய சாக்கு என்றே கேட்டு வாங்கவேண்டும்.

உணவு தானியத்தையும் சர்க்கரையையும் சணலில் கட்டவேண்டும் என்று 1987-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. வங்காளத்துச் சணல் உழவரையும் ஆலைத் தொழிலாளரையும் காக்க வந்த சட்டம் அது. சில்லறைக்கு வரும் சின்னச் சிப்பங்கள் அதற்குள் அடங்காததால் நம் கடைகளில் அரிசி பிளாஸ்டிக் பையில்தான் நிற்கிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையான சிப்பத்துக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோச் சிப்பம் முளைத்த கதை நமக்குத் தெரிந்ததே!

கயிறு விற்பவர்களுக்கு ஒரு சொல். 'நைலான் கயிறு' என்று நாம் விற்பதில் பெரும்பாலானது நைலானே அல்ல. ஒரு துண்டைத் தண்ணீரில் அழுத்திக் காற்றுக் குமிழிகளைப் போக்கிவிட்டு விடுங்கள். நைலான் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். கிணற்றுக்கோ சுமைவண்டிக்கோ கேட்பவரிடம் இதைச் சொல்லி விற்பதே முறை, ஏனெனில் நைலான் இழுபட்டு நீண்டு தாங்கும், விலையும் அதிகம். விளக்குத் திரியிலும் இதே பார்வை வேண்டும். செயற்கை இழை கலந்த திரி எண்ணெயைச் சரியாக உறிஞ்சாமல் நுனியில் உருகி முடிச்சாகிவிடும். கார்த்திகைக்குத் திரி வாங்கும்போது கட்டுக்கு ஒன்றை ஏற்றிப் பார்த்தே எடுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கு அணைந்துபோன அம்மா மறுநாள் காலை நம் கடை வாசலில்தான் வந்து நிற்பார்.