நுரையைப் பார்த்து சோப்பு விற்கலாமா?

திருப்பாலைவனம், பழவேற்காடு வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நண்பர்களுக்கு இது தெரிந்ததே. சோப்பு கேட்டு வருபவர்களின் முதல் கேள்வி, "நல்லா நுரை வருமா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. மீஞ்சூர் பக்கம் 1970களிலேயே நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது. உப்பு நீரில் சாதாரண சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தோலில் ஒட்டும். ஆகவே துணிக்கு வாங்கும் டிடர்ஜென்ட் கட்டியிலேயே கை கால் கழுவுகிறார்கள். சிலர் குளிக்கவும் செய்கிறார்கள். ஒரே கட்டியில் எல்லா வேலையும் முடிகிறதே என்ற சிக்கனமும் உண்டு.

அந்தக் கட்டிக்கு மூலப்பொருள் லீனியர் ஆல்கைல் பென்சீன். நமக்குப் பக்கத்தில், மணலியில், தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ் தயாரிக்கும் சரக்குதான். துணி அழுக்குக்கு அருமையானது. ஆனால் அழுக்குக்கும் தோலின் இயற்கை எண்ணெய்க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கட்டியில் சலவைச் சோடாவும் சேர்கிறது. எண்ணெய்ப் பசை போன தோல் வறண்டு வெடிக்கும். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். மணிக்கணக்கில் உப்பு நீரில் ஊறிய கை, இறால் முள் கீறிய காயம், அதன்மேல் இந்தக் கட்டி! எரியாமல் என்ன செய்யும்?

ஷாம்பு பாக்கெட்டிலும் கவனம் வேண்டும். சோடியம் லாரில் சல்பேட் என்பது, தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் பொருள். லாரெத் சல்பேட் அதைவிடச் சாது. இரண்டையுமே தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கலாம் என்பதால், உறையில் தேங்காய்ப் படம் இருந்தால் மென்மையான சரக்கு என்று சொல்லிவிட முடியாது.

குளியல் சோப்பின் உறையில் டி.எப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புச் சத்து, அச்சிட்டிருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப் முதல் தரத்துக்கு 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. 'பேதிங் பார்' என்றால் 40 போதும். இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி ஒரே பெயரில் விற்பது சரியல்ல. 76 என்பதற்காக எரியவே எரியாது என்று உத்தரவாதமும் கொடுக்க வேண்டாம்; அதுவும் காரம்தான்.

கை வெடித்தவர் வந்து கேட்டால், துணிக் கட்டியைத் துணியோடு நிறுத்தச் சொல்லுங்கள். குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துக் கடைசியாகக் கையை அலசி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவட்டும். புண்ணாகி நீர் வடிந்தால், கடையில் களிம்பு தேடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.